இரண்டரைக்கு அடுப்பு அணையும்

இரண்டரைக்கு அடுப்பு அணையும்.
பலகையில் இரண்டு மொழியிலும் எழுதியிருக்கிறோம்.
மழை அதைப் பாதி அழித்திருந்தால்
அது மழையின் குற்றம் என்பான் மெய்ரிக்.

கறுங்கடா விடுதிக்கு
பெர்வின் மலையிலிருந்து இறங்கி வருகிறார்கள்.
காரில் வந்தவர்களும்
இறங்கி வந்தவர்கள் போலவே மூச்சு வாங்குகிறார்கள்.
சேற்றுப் பூட்ஸை வாசலில் கழற்றச் சொன்னால்
சிலருக்குக் கோபம்.
சிலருக்குக் காலுறையில் ஓட்டை.

நாய்கள் எப்போதும் வரலாம்.
குழந்தைகள் ஆறு மணி வரை.
மெய்ரிக்கின் சிரிப்புக்கு மட்டும்
நேரம் குறிக்கப்படவில்லை.

மேசைமேல் ஒரு தடித்த நோட்டு,
நூலில் கட்டிய பேனாவோடு.
பாத்திரம் துலக்கிய கையோடு
ராத்திரி அதை நான்தான் படிப்பேன்.
'நாங்கள் நுழைந்ததும்
வேல்ஷ் மொழிக்கு மாறிவிட்டார்கள்' என்று
செஸ்டர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார்.
காலையிலிருந்தே அதில்தான் ஐயா பேசிக்கொண்டிருந்தார்கள்.
டெக்வினுடைய கடாவின் குளம்பு அழுகல் பற்றி.
உங்களைப் பற்றிப் பேச
உங்களிடம் அவ்வளவு விஷயம் இல்லை.

'கட்டிலில் பள்ளம்.'
'இப்படி ஒரு பீர் இந்தப் பக்கம் கிடையாது.'
'கழிவறைக் குழாயில் வெந்நீர் வருமென்பது வதந்தி.'
ஒரு சிறுமி, பெயர் போடாமல்,
பூனையை வரைந்திருந்தாள். ஐந்து கால்.

மே மாதம் ஒரு செவ்வாய்,
இரண்டு நாற்பதுக்கு ஒரு தம்பதி.
அவர் ஒட்டகச்சிவிங்கி உயரம்,
கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வரைபடம்.
அந்த அம்மாளின் முடியிலிருந்து
தரையில் சொட்டுவது சமையலறைக்குக் கேட்டது.
அடுப்பு அணைந்துவிட்டது என்றான் மெய்ரிக்.
இரண்டு சிப்ஸ் பொட்டலம் கொடுத்தான்,
காசு வாங்கினான்.
அவர் மெல்லக் கேட்டார்,
ஒரு கோப்பை வெந்நீராவது கிடைக்குமா?

என் முன்னால் சட்டியில்
கவுல் இருந்தது. ஆட்டுக்கறியும் லீக்ஸும்,
பாதிச் சட்டி, இன்னும் ஆவி பறக்க.
கை துடைத்துக்கொண்டிருந்தேன்.
துடைத்துக்கொண்டே இருந்தேன்.
கதவு சாத்தும் சத்தம் வரும்வரை.

அந்த அம்மாள் நோட்டில் ஒரு வரி விட்டுப்போயிருந்தார்:
'கணப்பில் நெருப்பு அழகாக எரிந்தது. எங்களுக்காக அல்ல.'

அதே வாரம் வியாழன், மாலை நாலுக்கு
பர்மிங்ஹாம் பள்ளிப் பிள்ளைகள் பதினொரு பேர்.
ஒருவனுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது.
மெய்ரிக் தானே அடுப்பு மூட்டினான்,
கை சுட்டுக்கொண்டான், கெட்ட வார்த்தை சொன்னான்,
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
காசு வேண்டாமென்றுவிட்டான்.
டீச்சர் ஒரு பக்கம் முழுக்க எழுதினாள்.
இரண்டும் எதிரெதிர்ப் பக்கம்.
நோட்டை மூடினால்
ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும்.

ஏன் அன்று இல்லை, ஏன் இன்று என்று
நான் மெய்ரிக்கைக் கேட்கவில்லை.
அவன் என்னைத் திருப்பிக் கேட்டால்?

அக்டோபரில் ஒரு அம்மாள் தனியாக வந்தாள்.
நேரத்தோடு, பன்னிரண்டரைக்கே.
கழுத்தில் வரைபட உறை,
அவள் உயரத்துக்கு மிக நீளமான கயிற்றில்
வயிற்றுக்குக் கீழே ஆடியது.
அவள்தானா என்று சத்தியம் செய்யமாட்டேன்.
மழைக்கோட்டில் எல்லோரும் ஒரே முகம்.

கவுல் கேட்டாள்.
நானே கொண்டுபோய் வைத்தேன், ரொட்டி ஒரு துண்டு அதிகமாக.
உப்பு குறைவு என்றாள்.
நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள்,
ஓரிடத்தில் நின்றாள்,
பேனாவைத் தொடவில்லை.
கிண்ணத்தைக் கடைசிச் சொட்டு வரை வழித்தாள்.
சரியாகச் சில்லறை எண்ணி வைத்தாள்,
ஒரு பென்னி கூடுதலில்லை.

அவள் போனபின் சட்டியில் விரல் விட்டுப் பார்த்தேன்.
குறைவுதான்.

அன்று மூன்றேகால் வரை
அடுப்பு எரிந்தது.
மெய்ரிக் இரண்டு முறை எட்டிப் பார்த்தான், எதுவும் சொல்லவில்லை.
யாரும் வரவில்லை.